பழைய டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டு வேகமாக்கறது எப்படி

2012, 2013 வாக்குல அசெம்பிள் பண்ண டெஸ்க்டாப் இன்னும் எத்தனையோ வீட்லயும் ஜெராக்ஸ் கடையிலயும் ஆடிட்டர் ஆபீஸ்லயும் ஓடிக்கிட்டு இருக்கு. பெரும்பாலும் எச்61 மதர்போர்டு, ஐ3-3220 மாதிரி மூணாவது ஜெனரேஷன் ப்ராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், இதுதான் அன்னிக்கு எல்லாரும் வாங்கின செட். இப்ப அத ஆன் பண்ணா டெஸ்க்டாப் வந்து மவுஸ் ஒழுங்கா நகர்றதுக்கே அஞ்சு நிமிஷம் ஆகுது, குரோம் திறந்தா இன்னொரு நிமிஷம், சர்வீஸுக்கு எடுத்துட்டு போனா "போர்டு பழசாயிடுச்சுங்க, புதுசா வாங்கிடுங்க"ன்னு சொல்லி அனுப்பிடறாங்க. தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. அந்த ப்ராசஸர் 3.3 கிகாஹெர்ட்ஸ்ல ஓடற ரெண்டு கோர் நாலு த்ரெட் ப்ராசஸர், வேர்டு, எக்செல், டேலி, ப்ரவுசர், யூடியூப் இதுக்கெல்லாம் இன்னிக்கும் தாராளமா போதும். மெஷின கட்டிப் போட்டு வச்சிருக்கறது ஹார்ட் டிஸ்க்தான், அதுக்கு பதிலா விண்டோஸ எஸ்எஸ்டில, அதாவது சுத்தற தட்டு இல்லாம சிப்லயே டேட்டா வைக்கற டிரைவ்ல, ஓட்டினா போதும்.

நான் சொல்றத அப்படியே நம்ப வேணாம், நீங்களே பாருங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ் டேப்ல போங்க. மெஷின் ஆன் ஆகி திணறிக்கிட்டு இருக்கும்போதே பாக்கணும். சிபியு 15, 20 பர்சன்ட்ல சும்மா உக்காந்திருக்கும், டிஸ்க் மட்டும் 100 பர்சன்ட்ல நிக்கும். அப்படி நின்னா இந்த கட்டுரை உங்களுக்குத்தான். ஒருவேளை சிபியு 100ல நின்னு டிஸ்க் சும்மா இருந்தா பிரச்சனை வேற, எஸ்எஸ்டி போட்டு பிரயோஜனம் இல்ல. மெமரி 90 பர்சன்ட்டுக்கு மேல இருந்தா ராமும் சேத்து போடணும், அத கீழ சொல்றேன்.

ஏன் இந்த டிஸ்க் இவ்ளோ ஸ்லோன்னு ஒரு சின்ன கணக்கு போட்டா புரிஞ்சிடும். சாதாரண டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 சுத்து சுத்துது, அப்ப செகண்டுக்கு 120 சுத்து, ஒரு சுத்துக்கு 8.3 மில்லிசெகண்ட். வேணுங்கற டேட்டா ஹெட்டுக்கு கீழ வர சராசரியா அரை சுத்து காத்திருக்கணும், அதுக்கு 4 மில்லிசெகண்ட், ஹெட் அந்த ட்ராக்குக்கு நகர்ந்து போறதுக்கு ஒரு 9 மில்லிசெகண்ட், மொத்தம் 13 ஆச்சு. ஆக செகண்டுக்கு 75, 80 தடவைக்கு மேல அதால இடம் மாறி மாறி படிக்க முடியாது. விண்டோஸ் பூட் ஆகும்போது ஆயிரக்கணக்கான குட்டி குட்டி ஃபைல டிஸ்க்கோட நாலா பக்கத்துல இருந்தும் கேக்கும், கூடவே ஆன்டிவைரஸ் கேக்கும், அப்டேட் கேக்கும், எல்லாம் வரிசைல நிக்கும். எஸ்எஸ்டில சுத்தறதும் இல்ல நகர்றதும் இல்ல, ஒரு தடவ படிக்க சுமார் 0.1 மில்லிசெகண்ட்தான். நூறு மடங்குக்கு மேல வித்தியாசம், நீங்க உணரப்போற வேகம் அத்தனையும் இங்க இருந்துதான் வருது. டப்பா மேல செகண்டுக்குன்னு போட்டிருக்கற 500 எம்பி, 550 எம்பி எல்லாம் பெரிய வீடியோ ஃபைல் காப்பி பண்ணும்போது மட்டும் தெரியற கணக்கு.

இத ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, "உங்க போர்டு சாட்டா 2, அதுல எஸ்எஸ்டி போட்டா வேஸ்ட்"னு சொல்றவங்க நிறைய பேர். சாட்டாங்கறது டிஸ்க்க போர்டோட இணைக்கற வழி, எச்61 சிப்செட்ல இருக்கற நாலு போர்ட்டுமே அதோட பழைய ரெண்டாம் வகை, செகண்டுக்கு 3 கிகாபிட்தான், அது உண்மை. அதனால எஸ்எஸ்டி 550 போற இடத்துல 270 எம்பி வாக்குல நின்னுடும். ஆனா அந்த 0.1 மில்லிசெகண்ட் எங்கயும் போகாது, பூட் ஆகறதும் புரோகிராம் திறக்கறதும் அதே மாதிரி பறக்கும். பி75 போர்டுல ஒரு சாட்டா 3 போர்ட் இருக்கும், எச்81ல ரெண்டு இருக்கும், போர்டுல போர்ட் பக்கத்துல பொடி எழுத்துல நம்பர் அடிச்சிருப்பாங்க, கலரும் பல போர்டுல மாத்தி வச்சிருப்பாங்க, அப்படி இருந்தா எஸ்எஸ்டிய அதுல குத்துங்க, பழைய டிஸ்க்குக்கு சாட்டா 2 போதும். கோர் 2 டியோ காலத்து ஜி41 போர்டுலயும் எஸ்எஸ்டி ஓடும், அந்த ஐசிஎச்7 சிப்ல ஏஎச்சிஐ மோடு (போர்டு டிரைவோட பேசற புது முறை) கிடையாது, ஐடிஇங்கற பழைய மோடுலதான் ஓட்டணும், அப்பவும் ஹார்ட் டிஸ்க்க விட எங்கயோ இருக்கும். கேபிள், பின் எல்லாம் சாட்டா 1, 2, 3 மூணுக்கும் ஒண்ணுதான்.

வாங்கறதுக்கு போகும்போது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டின்னு தெளிவா கேளுங்க. கடையில இப்ப எம்.2 என்விஎம்இ டிரைவதான் முன்னாடி எடுத்து நீட்டுவாங்க, பபிள்கம் பட்டை மாதிரி நீளமா இருக்கும், அது உங்க போர்டுல உக்காராது. கன்வர்ட்டர் கார்டு வச்சு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்ல போடலாம்னு சொல்வாங்க, போடலாம்தான், ஆனா 2014க்கு முந்தின போர்டு பெரும்பாலானதுல பயாஸுக்கு (ஆன் பண்ணதும் விண்டோஸுக்கு முன்னாடி ஓடற போர்டோட சாஃப்ட்வேர்) என்விஎம்இல இருந்து பூட் பண்ண தெரியாது, விண்டோஸ் அதுல ஏத்தவே முடியாம போயிடும்.

சைஸ்னு பாத்தா 240 ஜிபி போதும் விண்டோஸுக்கும் சாஃப்ட்வேருக்கும், போட்டோ வீடியோ எல்லாம் பழைய டிஸ்க்லயே இருக்கட்டும். கையில காசு இருந்தா 480 இல்லன்னா 500 எடுங்க, எஸ்எஸ்டிய விளிம்பு வரைக்கும் ரொப்பினா எழுதற வேகம் குறையும், எப்பவும் 15 பர்சன்ட்டாவது காலியா விடறது நல்லது. 240 வாங்கி விண்டோஸ்ல 223ன்னு காட்டினா ஏமாத்திட்டாங்கன்னு நினைக்காதீங்க, கம்பெனி 1,000 கணக்குல எண்ணுது, விண்டோஸ் 1,024 கணக்குல எண்ணுது, அவ்ளோதான். 480 போட்டா 447 காட்டும்.

எழுதி எழுதி எஸ்எஸ்டி தேஞ்சிடும்னு பயப்படறவங்களுக்கு ஒரு கணக்கு. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300 டெராபைட் எழுதற வரைக்கும் இல்ல 5 வருஷம், எது முன்னாடி வருதோ அதுவரைக்கும் வாரண்டி. தினம் 20 ஜிபி எழுதினாலும், வீட்ல யாரும் அவ்ளோ எழுத மாட்டாங்க, 300 டெராபைட் தாண்ட 41 வருஷம் ஆகும். விலை கம்மியான கிங்ஸ்டன் ஏ400 240 ஜிபிக்கே 80 டெராபைட் போட்டிருக்காங்க, அதே கணக்குல 10 வருஷத்துக்கு மேல வரும். ஆபீஸ் மெஷின், நாள் முழுக்க ஓடும்னா டிராம் கேஷ் (டிரைவுக்குள்ளயே இருக்கற சின்ன வேக மெமரி) இருக்கற டிரைவா பாத்து கொஞ்சம் கூட போட்டு வாங்குங்க, வீட்டுக்கு அது இல்லாததே போதும். ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன், ஆன்லைன்ல பேரே கேள்விப்படாத கம்பெனி 2 டெராபைட், 4 டெராபைட்னு நம்பவே முடியாத விலைக்கு விக்கறத தொடாதீங்க, உள்ள சின்ன மெமரி கார்டு வச்சு பெரிய சைஸ் காட்டற மாதிரி செட் பண்ணியிருப்பாங்க, அளவு தாண்டினதும் பழைய ஃபைல் மேலயே எழுதி எல்லாத்தையும் நாசம் பண்ணிடும். பில் போட்டு வாரண்டி சீல் இருக்கற கடையில வாங்குங்க, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டா இருந்தாலும் உங்க ஊர் கடையா இருந்தாலும்.

இப்ப கேபினட்ட திறக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது. இங்கதான் ரொம்ப நிதானமா இருக்கணும், ஏன்னா வேகம் போனா திரும்ப வரும், ஃபைல் போனா வராது.

முதல்ல கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அத போட்டு பழைய டிஸ்க்கோட ஹெல்த் பாருங்க. நீலமா குட்னு காட்டினா நிம்மதி. மஞ்சள்ல காஷன்னு காட்டி 05 இல்ல சி5ங்கற வரிசைல, அதாவது டிஸ்க்ல கெட்டுப்போன இல்ல சந்தேகமான இடங்களோட கணக்குல, எண்ணிக்கை ஏறியிருந்தா டிஸ்க் சாக ஆரம்பிச்சாச்சு, வேற எதையும் யோசிக்காம முக்கியமான ஃபைல மொதல்ல காப்பி எடுங்க, அந்த டிஸ்க்க ஸ்கேன் பண்றேன் டிஃப்ராக் பண்றேன்னு போட்டு இன்னும் வதைக்காதீங்க. சி7 மட்டும் ஏறியிருந்தா அது பெரும்பாலும் கேபிள் கோளாறு, புது சாட்டா கேபிள் போட்டா அதுக்கு மேல ஏறாது.

அடுத்து பேக்கப். டி டிரைவ்ல எல்லாம் பத்திரமா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு சி டிரைவ மறந்துடறாங்க. டெஸ்க்டாப்ல இருக்கற ஃபைல், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், அவுட்லுக் மெயில் ஃபைல், ப்ரவுசர் பாஸ்வேர்டு புக்மார்க், இது எல்லாமே சி டிரைவ்தான். டிடிபி வேல பாக்கறவங்க ஃபான்ட்ஸ் ஃபோல்டர முழுசா காப்பி எடுத்தே ஆகணும், பாமினி, செந்தமிழ் மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ண அழைப்பிதழ், நோட்டீஸ் எல்லாம் அந்த ஃபான்ட் இல்லாம திறந்தா வெறும் கிறுக்கலா தெரியும். என்எச்எம் ரைட்டரோ அழகியோ எது வச்சு டைப் பண்றீங்களோ அதோட செட்டப் ஃபைலையும் எடுத்து வச்சுக்கோங்க. டேலி வச்சிருக்கறவங்க கம்பெனி டேட்டா பேக்கப் எடுத்துட்டு, லைசன்ஸ சரண்டர் பண்ணிட்டு ஃபார்மட்ல கை வைங்க, புதுசா ஏத்தினப்புறம் திரும்ப ஆக்டிவேட் பண்ணிக்கலாம். ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் குத்தறவங்க அதோட டிரைவர, ஸ்கேனர் பிரின்டர் டிரைவர எல்லாம் ஒரு பென் டிரைவ்ல போட்டு வைங்க.

பழைய விண்டோஸ அப்படியே குளோன் எடுக்கறதா, அதாவது டிஸ்க்ல இருக்கறத மொத்தமா எஸ்எஸ்டிக்கு நகல் எடுக்கறதா, புதுசா ஏத்தறதான்னு ஒரு கேள்வி வரும். என்னோட அபிப்ராயம் புதுசா ஏத்தறதுதான், பத்து வருஷமா சேந்த குப்பைய எதுக்கு புது டிரைவுக்கு தூக்கிட்டு போகணும். ஆனா செட்டப் சிடி தொலைஞ்சு போன பழைய சாஃப்ட்வேர் ஏதாவது அந்த மெஷின்ல ஓடுதுன்னா, ஆஸ்பத்திரி பில்லிங், பள்ளிக்கூடம் ஃபீஸ் சாஃப்ட்வேர் மாதிரி, அப்ப குளோன்தான் ஒரே வழி.

இனி கேபினட். ஷட்டவுன் பண்ணி, பின்னாடி எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) சுவிட்ச ஆஃப் பண்ணி, பவர் கார்ட உருவிட்டு, முன்னாடி பவர் பட்டன ஒரு பத்து செகண்ட் அமுக்கி பிடிங்க, உள்ள தங்கியிருக்கற கரண்ட் இறங்கிடும். உக்காந்து கேபினட்டோட பெயின்ட் அடிக்காத இரும்ப தொட்டுட்டு வேலய ஆரம்பிங்க. பக்கத்து தகட கழட்டினதும் தூசி இருக்கும், வெளிய எடுத்துட்டு போய் ப்ளோயர்ல ஊதுங்க, ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டு ஊதணும்.

கையோட கையா போர்டுல காசு மாதிரி இருக்கற சிஆர்2032 பேட்டரிய மாத்திடுங்க. பத்து வருஷ பேட்டரி செத்திருக்கும், கரண்ட் போய் வந்தா தேதி பின்னாடி போறதும் பயாஸ் செட்டிங் அழியறதும் அதனாலதான், நாம இப்ப பயாஸ்ல பண்ணப்போற மாத்தம் தங்கணும்னா இது நல்லா இருக்கணும்.

எஸ்எஸ்டி 2.5 இன்ச், டெஸ்க்டாப்ல டிஸ்க் உக்கார்ற இடம் 3.5 இன்ச், அதனால ஒரு பிராக்கெட் வேணும், கடையிலயே கிடைக்கும். இல்லன்னாலும் கவலை இல்ல, எஸ்எஸ்டிக்குள்ள அசையற பாகம் எதுவும் இல்ல, எடையும் அம்பது கிராம் வாக்குலதான், டபுள் சைடு டேப் போட்டு கேபினட் தளத்துல ஒட்டினாலும் ஓடும். ரெண்டு கேபிள் குத்தணும், சின்னது டேட்டா, அகலமா இருக்கறது பவர், ரெண்டுமே எல் ஷேப், திருப்பி குத்த முடியாது, போகலன்னா அமுக்காதீங்க, பிளாஸ்டிக் நாக்கு உடைஞ்சா டிரைவ் போச்சு. எஸ்எம்பிஎஸ்ல சாட்டா பவர் காலி இல்லன்னா பழைய நாலு பின் கனெக்டர்ல இருந்து கன்வர்ட்டர் போடலாம், மொழுக்குனு பிளாஸ்டிக் ஊத்தி வார்த்தது வேணாம், அது உள்ளயே ஷார்ட் ஆகி உருகறது உண்டு, ஒயர் தனித்தனியா கிளிப்ல பிடிச்சிருக்கறதா பாத்து வாங்குங்க.

இப்ப முக்கியமான விஷயம், இத மட்டும் தாண்டிடாதீங்க. புதுசா விண்டோஸ் ஏத்தறதா இருந்தா பழைய ஹார்ட் டிஸ்க்கோட டேட்டா கேபிள கழட்டி வச்சுட்டு எஸ்எஸ்டிய மட்டும் போட்டு ஏத்துங்க. ரெண்டும் குத்தியிருந்தா விண்டோஸ் பல நேரம் பூட் பார்ட்டிஷன (மெஷின் ஆன் ஆகும்போது முதல்ல படிக்கற பகுதி) பழைய டிஸ்க்லயே வச்சுட்டு மீதிய எஸ்எஸ்டில போடும், எல்லாம் நல்லா ஓடற மாதிரியே இருக்கும், ரெண்டு வருஷம் கழிச்சு அந்த பழைய டிஸ்க் போனதும் எஸ்எஸ்டி நல்லா இருந்தும் மெஷின் பூட் ஆகாது. இன்னொரு லாபம், தப்பான டிரைவ ஃபார்மட் பண்ற ஆபத்தே இல்ல.

பயாஸுக்குள்ள போக ஆன் பண்ணதும் டெலீட் இல்ல எஃப்2 தட்டணும். அங்க சாட்டா மோடு ஐடிஇன்னு இருந்தா ஏஎச்சிஐக்கு மாத்துங்க. புதுசா ஏத்தறவங்களுக்கு இதுல ஒரு சிக்கலும் இல்ல. குளோன் பண்ணவங்க அப்படியே மாத்தினா நீலத்திரை வந்து பூட் டிவைஸ் இல்லன்னு நிக்கும், அவங்க விண்டோஸ் 10 உள்ள இருக்கும்போதே எம்எஸ்கான்ஃபிக்ங்கற விண்டோஸோட செட்டிங் டூல திறந்து பூட் டேப்ல சேஃப் பூட் டிக் போட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, பயாஸ்ல ஏஎச்சிஐ மாத்தி, சேஃப் மோடுல ஒரு தடவ உள்ள வந்து டிக்க எடுத்துட்டு திரும்ப ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்.

புது இன்ஸ்டாலுக்கு 8 ஜிபி பென் டிரைவ் ஒண்ணு, மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்து மீடியா கிரியேஷன் டூல் எடுத்து வேற ஒரு மெஷின்ல ரெடி பண்ணிக்கோங்க. இன்ஸ்டால் ஆகும்போது கீ கேட்டா என்கிட்ட கீ இல்லன்னு குடுத்துட்டு முன்னாடி இருந்த அதே எடிஷன செலக்ட் பண்ணுங்க, ஹோம்னா ஹோம், ப்ரோன்னா ப்ரோ, விண்டோஸ் 10 ஒரிஜினலா ஆக்டிவேட் ஆகியிருந்த மெஷின்னா போர்டு மாறாததால நெட் குடுத்ததும் தானா ஆக்டிவேட் ஆயிடும். டிரைவ் செலக்ட் பண்ற இடத்துல அன்அலோகேட்டடுன்னு ஒண்ணே ஒண்ணு காட்டும், அத செலக்ட் பண்ணி நெக்ஸ்ட் குடுங்க, பார்ட்டிஷன் எல்லாம் அதுவே போட்டுக்கும், எஸ்எஸ்டிய சி, டி, இன்னு துண்டு போட வேண்டிய அவசியம் இல்ல.

விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது, வீட்டு மெஷினுக்கு நீட்டிப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரைக்கும் தர்றாங்க, அதுக்கு தனியா பதிவு பண்ணணும். விண்டோஸ் 11 இன்டெல் எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் முறைப்படி ஏத்துக்கும், மூணாவது ஜெனரேஷன்ல குறுக்கு வழில ஏத்தறாங்க, ஆனா பேங்க் வேல கணக்கு வேல பாக்கற மெஷின்ல நான் அத சொல்ல மாட்டேன். ப்ரவுசரும் லிப்ரே ஆபீஸும் போதும்னா லினக்ஸ் மின்ட் ஏத்திப் பாருங்க, இந்த எஸ்எஸ்டில அது அவ்ளோ அழகா ஓடும், தமிழ் டைப்பிங்கும் உள்ளயே இருக்கு.

குளோன் பண்றவங்களுக்கு, டபிள்யூடி, குரூஷியல், கிங்ஸ்டன் டிரைவ் வாங்கினா அக்ரானிஸ்ங்கற குளோன் சாஃப்ட்வேர் அவங்க சைட்லயே ஃப்ரீயா கிடைக்கும், சாம்சங்குக்கு அவங்களோட சொந்த டூல் இருக்கு. இதெல்லாம் பெரிய டிஸ்க்ல இருந்து சின்ன எஸ்எஸ்டிக்கு சுருக்கி எடுக்கும், பழைய டிஸ்க்ல ரொம்பியிருக்கற அளவு எஸ்எஸ்டிக்குள்ள அடங்கணும் அவ்ளோதான். குளோன்ஜில்லாங்கற ஃப்ரீ சாஃப்ட்வேர் அப்படி சுருக்காது, 500 ஜிபி டிஸ்க்க 480 எஸ்எஸ்டிக்கு எடுக்க போனா இடம் பத்தலன்னு நின்னுடும், அதனால அது வச்சு பண்றதா இருந்தா 500 எஸ்எஸ்டியே வாங்கிடுங்க. எது எங்கிருந்து எதுக்குன்னு சோர்ஸையும் டெஸ்டினேஷனையும் ரெண்டு தடவ படிச்சுட்டு ஓகே அமுக்குங்க. முடிஞ்சதும் பழைய டிஸ்க்க கழட்டிட்டு எஸ்எஸ்டி மட்டும் வச்சு முதல் பூட் பண்ணணும், ரெண்டும் ஒரே அடையாளத்தோட இருக்கறதால சேந்து இருந்தா விண்டோஸ் குழம்பிடும்.

எஸ்எஸ்டில நல்லா பூட் ஆகி ஒரு தடவ ரீஸ்டார்ட்டும் பண்ணி பாத்தாச்சுன்னா, ஆஃப் பண்ணிட்டு பழைய டிஸ்க்க திரும்ப குத்துங்க, பயாஸ்ல பூட் ஆர்டர்ல எஸ்எஸ்டி முதல்ல இருக்கான்னு பாருங்க. பழைய சி டிரைவ உடனே ஃபார்மட் பண்ணிடாதீங்க, ஒரு மாசம் அப்படியே கெடக்கட்டும், ஏதாவது ஒரு ஃபைல் மறந்திருப்பீங்க, அப்பதான் ஞாபகம் வரும். டவுன்லோட்ஸ், வீடியோஸ் ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல லொகேஷன் டேப்ல போய் பழைய டிஸ்க்குக்கு மாத்திடுங்க, எஸ்எஸ்டி ரொம்பாது. ஸ்டார்ட்ல டிஃப்ராக்மென்ட்னு தேடினா ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் வரும், அதுல சி டிரைவுக்கு நேரா சாலிட் ஸ்டேட் டிரைவ்னு போட்டிருந்தா ட்ரிம் வேலய, அதாவது டெலீட் பண்ண ஃபைலோட இடத்த எஸ்எஸ்டிக்கு சொல்லி காலி பண்ண வைக்கறத, விண்டோஸே பாத்துக்கும். நெட்ல எஸ்எஸ்டிக்கு அத ஆஃப் பண்ணு, இத ஆஃப் பண்ணு, பேஜ் ஃபைல (ராம் பத்தாதப்ப விண்டோஸ் டிஸ்க்ல எடுத்துக்கற இடம்) வேற டிரைவுக்கு மாத்துன்னு இருபது டிப்ஸ் போட்டிருப்பாங்க, ஒண்ணும் வேணாம். பேஜ் ஃபைல் எஸ்எஸ்டில இருந்தாதான் 4 ஜிபி ராம் மெஷினுக்கே நல்லது.

ராம்னு சொன்னதால, 4 ஜிபிதான் இருக்குன்னா இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 சேருங்க, பழசு நல்ல கண்டிஷன்ல கிடைக்கும். எஸ்எஸ்டி முதல்ல, ராம் ரெண்டாவது, இந்த வரிசைல செலவு பண்ணுங்க.

எஸ்எஸ்டி பயாஸ்லயே தெரியலன்னா கேபிள் மாத்திப் பாருங்க, போர்ட் மாத்திப் பாருங்க, பவர் கனெக்டர் மாத்திப் பாருங்க, பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணுதான். பயாஸ்ல தெரிஞ்சு விண்டோஸ்ல தெரியலன்னா டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து இனிஷியலைஸ் பண்ணணும்.

ஹார்ட் டிஸ்க் சாகறதுக்கு முன்னாடி கடகடன்னு சத்தம் போடும், ஸ்லோ ஆகும், ஏதோ ஒரு எச்சரிக்கை குடுக்கும். எஸ்எஸ்டி நேத்து வரைக்கும் ஓடிட்டு இன்னிக்கு காலைல பயாஸ்லயே காணாம போகலாம், ட்ரிம் ஓடறதால டெலீட் பண்ண ஃபைல மீட்கறதும் ரொம்ப கஷ்டம். அதனால பழைய டிஸ்க் ஹெல்த் குட்னு இருந்தா வாரத்துக்கு ஒரு தடவ டாக்குமென்ட்ஸயும் டேலி டேட்டாவயும் அதுக்கு காப்பி எடுங்க, ரொம்ப முக்கியமானத வெளியில ஒரு இடத்துலயும் வைங்க. அடிக்கடி கரண்ட் போற ஊர்னா யூபிஎஸ் பேட்டரி நல்லா இருக்கான்னும் பாத்துடுங்க, எழுதிக்கிட்டு இருக்கும்போது பவர் போறது எஸ்எஸ்டிக்கு ஆகாது.

பழைய டிஸ்க் காஷன் காட்டுது, இனி வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா எக்ஸ்சேஞ்சுக்கோ பழைய சாமான் கடைக்கோ அப்படியே குடுக்காதீங்க, அதுல ஆதார் காப்பி, பேங்க் பாஸ்புக் ஸ்கேன், குடும்ப போட்டோ எல்லாம் இருக்கும். ஃபார்மட் பண்ணும்போது குவிக் ஃபார்மட் டிக்க எடுத்துட்டு ஒவ்வொரு பார்ட்டிஷனையும் முழு ஃபார்மட் போடுங்க, 500 ஜிபிக்கு ரெண்டு மணி நேரம் கிட்ட ஓடும், ஓடட்டும், முழுசா முடிஞ்சப்புறம் குடுங்க. ஃபார்மட் பாதில எரர் காட்டி நின்னா குடுக்கவே வேணாம், உள்ள இருக்கற தட்ட துளை போட்டு உடைச்சுட்டு இ-வேஸ்ட்ல போடுங்க.